கயிலை வழியும் மீளும் வழியும்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிக்குச் செல்லும் சாலை வானம் பார்த்த பூமியினூடே செல்வது. பருத்தியும் மிளகாயும் கம்பும் விளையும் மானாவாரிப் புலங்கள் இருமருங்கும் விரிந்து கிடக்கும். பனையும் உடைமரமும் ஒழிய நிழல் தருவன சிலவே. கடல்மட்டத்தினும் நூறு மீட்டர் அளவே உயர்ந்த இந்நிலத்தில் பெருமலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும். இத்தகைய வறநிலத்தின் நடுவே திருமேனிநாதரும் துணைமாலையம்மையும் எழுந்தருளியிருக்கும் திருச்சுழியல், பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-னுள் ஒன்றாய், சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருப்பதிகம் பெற்று விளங்குகின்றது.

2025-ஆம் ஆண்டில் திருக்கயிலை யாத்திரை மீண்டும் தொடங்கிற்று என்னும் செய்தி பரவிய காலத்தே, இப்பகுதியைச் சார்ந்த முதிய அன்பர் ஒருவர் எம்மைக் காண வந்தார். தறியில் வாழ்நாளைக் கழித்தவர். கயிலைக்கெனப் பன்னாள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வைத்தவர். யாத்திரை தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் அவர்க்கு எழுபது வயது கடந்துவிட்டது. இனி விண்ணப்பஞ் செய்யவும் இடமில்லை. "ஐயா, கயிலை காணாமற் கழிவேனாயின் இப்பிறவி பழுதுதானோ? மலையடி வரையிற் சென்று உடல் தாங்காது திருப்பி அனுப்பப்படுவோரும் உளர் என்கின்றனரே. அவர் சென்றதும் வீண்தானோ?" என்று வினவினார்.

இவ்வினா அவர் ஒருவர்க்கே உரியதன்று. ஆதலின், கயிலை வழி இன்று எத்தன்மைத்து என்பதனையும், அவ்வழிச் சென்ற அடியார்தம் வரலாறு உணர்த்துவது யாது என்பதனையும், சித்தாந்த நூல்களின் முடிபு யாது என்பதனையும் முறையே ஆராய்வாம்.

வழியின் இயல்பு

திருக்கயிலை, இமயப் பெருந்தொடர்க்கு வடக்கே, திபெத்துப் பீடபூமியின் மேற்குப் பகுதியில் 6,638 மீட்டர் உயர்ந்து நிற்பது. அதன் தெற்கே ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் மானசரோவரம் என்னும் நன்னீர்ப் பொய்கை உளது. சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரை, கர்ணாலி என்னும் நான்கு ஆறுகளின் தலைநீர்களும் அவ்வட்டாரத்தே தோன்றுவன. அம்மலையைப் போற்றுவோர் சைவர் மாத்திரம் அல்லர். திபெத்துப் பௌத்தர் அதனைக் காங் ரின்போச்சே என வழங்குவர். சமணர் தம் முதல் தீர்த்தங்கரர் வீடுபெற்ற அட்டாபதம் எனக் கொள்வர். திபெத்தின் பழைய சமயமாகிய போன் நெறியாரும் அதனை வழிபடுவர். ஏனையோர் வலமாகச் சுற்ற, அவர் இடமாகச் சுற்றுவர். இவருள் ஒருவரும் மலைமேல் ஏறுதலை வழிபாடாகக் கொண்டிலர் என்பது கருதத்தக்கது. சுற்றிவருதலே வழிபாடு. அச்சுற்று ஏறத்தாழ 52 கிலோமீட்டர்; பெரும்பாலும் மூன்று நாளில் முற்றுவது. அதன்கண் மிக உயர்ந்த இடமாகிய டோல்மா கணவாய் 5,630 மீட்டர் உயரத்தது.

முற்காலத்தில் இவ்வழிச் சென்றோர் தனித்துச் சென்றிலர். குமாவோன் மலைநாட்டுப் போட்டியா வணிகர் தானியமும் துணியும் ஆட்டுமந்தைகளின் முதுகில் ஏற்றிக் கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்று, உப்பும் கம்பளியும் கொண்டு மீள்வர். யாத்திரிகரும் அவ்வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து சென்றனர். வழிப்பறிக்கும் பனிக்கும் பசிக்கும் கூட்டமே காவலாயிற்று. 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தியாவும் சீனமும் செய்துகொண்ட உடன்படிக்கை, இவ்யாத்திரை வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. 1962-இல் அவ்வுடன்படிக்கை காலாவதியாயிற்று. அவ்வாண்டே இரு நாடுகட்கும் போரும் மூண்டது. அடைபட்ட வழி 1981-இல் திறக்கப்பெற்றது. 2015-இல் சிக்கிமிலுள்ள நாதுலா கணவாய் வழியும் இரண்டாவதாகத் திறக்கப்பெற்று, 2017-இல் எல்லைப் பூசலால் அவ்வாண்டு மூடப்பட்டது. 2020 முதல் 2024 வரை இவ்விருவழியாலும் ஒருவரும் சென்றிலர். 2025-இல் குழுவிற்கு 50 பேராக, லிபுலேக் வழியில் 5 குழுக்களும் நாதுலா வழியில் 10 குழுக்களும் செல்ல ஏற்பாடாயிற்று. நேபாளத்தின் வழியே தனியார் நடத்தும் குழுக்கள் வேறு.

லிபுலேக் வழி உத்தராகண்டத்தில் தார்ச்சூலா என்னும் ஊரைக் கடந்து, நேபாளத்தை மறுகரையாகக் கொண்ட காளியாற்றை ஒட்டி மேலேறுவது. குஞ்சி, காலாபானி, நாபிதாங் என்னும் தங்கிடங்களைக் கடந்து, 5,000 மீட்டர்க்கு மேற்பட்ட கணவாயின் முகட்டிலே நாட்டெல்லை கடந்து, அப்பால் தக்லாகோட்டுக்கு இறங்குவது. முன்னர்ப் பலநாள் நடந்தே கடந்த இம்மலைப்பகுதியில் 2020-ஆம் ஆண்டு முதல் சாலை அமைந்து, நடை பெரிதும் குறைந்துளது.

இரண்டு எல்லைகள்

இவ்வழியில் யாத்திரிகன் கடப்பது நாட்டெல்லை ஒன்றே என்று எண்ணுவது பிழை. அதனினும் கடியது உடம்பின் எல்லை. டோல்மா கணவாயில் உயிர்ப்புக்கு வேண்டும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியளவே கிடைக்கும். விரைந்து ஏறுவோர்க்குத் தலைநோவும் குமட்டலும் உறக்கமின்மையும் தோன்றும். முற்றின் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிர்க்கு இறுதி விளைக்கும். இடையிடையே தங்கிச் சிறுகச் சிறுக ஏறுதலே இதற்குக் காப்பு. நோய் முற்றியவர்க்குத் தலையாய மருந்து ஒன்றே. அது காலந் தாழாது கீழே இறங்குதல். மருந்துகளும் செயற்கை உயிர்ப்பும் இறங்குமளவும் துணைசெய்வனவே அன்றி, இறங்குதற்கு ஈடாவன அல்ல.

இதனாலேயே அரசின் விதிகள் கடுமையாயின. வயது 18-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். உடல் எடையைக் கிலோகிராம் கணக்கிற் கொண்டு, மீட்டர் கணக்கிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 25-க்கு மேற்படலாகாது. தில்லியில் ஒருமுறையும், மலையேறிய பின்னர் உயரத்தில் ஒருமுறையும் மருத்துவ ஆய்வு நிகழும். லிபுலேக் வழியில் குஞ்சியில் நிகழும் இரண்டாம் ஆய்வில் தகுதியிலர் எனப்பட்டார், எத்துணை மன்றாடினும், கயிலையை நோக்காதே மீளவேண்டும். குழுவிற்கு ஓர் அரசு அலுவலர் தலைமை தாங்குவர். குழுவை விட்டுத் தனித்துச் செல்லுதல் கூடாது.

யாத்திரிகர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள்களுள் ஒன்று உண்டு. சீன நாட்டெல்லையுள் தமக்கு மரணம் நேரின் உடலை அங்கேயே எரித்துவிட இசைகின்றோம் என்பது அதன் பொருள். இது வெற்றுச் சடங்கன்று. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நம் நாட்டெல்லைக்குள்ளேயே, காளியாற்றங்கரை மால்பாவில் நள்ளிரவில் மலை சரிந்து வீழ்ந்தது. ஒரு குழுவைச் சேர்ந்த 60 யாத்திரிகரும், உடனிருந்த சுமையாளர் முதலாயினோரும் ஊராருமாக 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கயிலைக்குப் புறப்படுவார் மீளாமைக்கும் உடன்பட்டே புறப்படுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. மீளுதல் என்பதனைத் தோல்வியென்றும், சேர்தல் ஒன்றே பேறென்றும் உலகர் கருதுவர். நம் அடியார் வரலாறு அவ்வாறு கூறுகின்றதா என நோக்குவாம்.

கயிலை நோக்கிச் சென்றார்

சேக்கிழார் அருளிய பெரிய புராணத்துள் கயிலை நோக்கிச் சென்றாராகச் சிறப்பித்து விரிக்கப்பெறுவோர் நால்வர்: காரைக்காலம்மையார், திருநாவுக்கரசர், சுந்தரர், சேரமான் பெருமாள்.

காரைக்காலம்மையார் பேயுருக் கொண்டு வடதிசைச் சென்று, கயிலையை அணுகிய அளவில், அதனைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்தார். மலையை மிதியாது சுற்றிவரும் இற்றை வழக்கத்தின் உள்ளக்கிடை அதுவே. இறைவன் அவரை 'அம்மையே' என அழைத்தருளினான். அவர் வேண்டியதோ, கயிலையில் இருக்க இடம் அன்று. இறவாத அன்பும், மறவாமையும், ஆடும் அடியின்கீழ் இருந்து பாடுதலும் ஆம். வேண்டியன அருளிய இறைவன் அவரைத் தென்னாட்டுத் திருவாலங்காட்டிற்கு அனுப்பினான்.

நாவுக்கரசர் முதுமையிற் புறப்பட்டார். திருக்காளத்தியை வணங்கியபின் வடக்கே பலநாடுகளைக் கடந்து காசியை அடைந்தார். அதுகாறும் அடியார் கூட்டம் உடன் சென்றது. காசிக்கு அப்பால் மக்கள் இயங்குதற்கு அரிய மலைக்காடு ஆதலின், உடன்வந்தாரை அங்கே ஒழித்துத் தனியே சென்றார். இரவும் பகலும் நடந்து பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவினார், கைகளும் தேய, மார்பால் உந்தினார், அதுவும் இயலாதாகப் புரண்டார், ஒன்றும் இயலாது கிடந்தார். அந்நிலையில் இறைவன் முனிவராய் எதிர்வந்து, கயிலை மானிடர் அணுகற்கு அரிது, மீண்டு போதலே தக்கது என்றான். மாளும் இவ்வுடல்கொண்டு மீளேன் என்பது அரசர் துணிபு. பின்னர் வானில் திருவாக்கு எழுந்தது. தேய்ந்த உறுப்புக்கள் நிரம்பின. அருகிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் காண்க எனப் பணிக்கப்பெற்று, மூழ்கியவர் காவிரிநாட்டுத் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே அவர் முன் தோன்றியன பனிமலையின் முகடுகள் அல்ல. ஊரில் உலவும் களிறும் பிடியும், சேவலும் பேடும், பிற உயிரிணைகளும் ஆகிய எல்லாம் சத்தியும் சிவமுமாய்த் தோன்றின. ஆடியமாவாசை நாளில் இக்காட்சியை நினைந்து திருவையாற்றில் இன்றும் விழா நிகழ்கின்றது.

ஈண்டு ஒன்று நோக்குக. நாவுக்கரசர் கயிலையை அடைந்திலர் எனக் கூறுவார் உளரோ? இலர். அவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதனை மறுப்பார் உளரோ? அவரும் இலர். அனுப்பப்பட்டமையும் அடைந்தமையும் ஒரே நிகழ்ச்சியாய் முடிந்தமையே அவ்வரலாற்றின் உயிர்நிலை.

இனி, சுந்தரரும் சேரமானும் சென்றது வேறுவகை. இவ்விருவர்தம் நட்பு முழுதும் வழிநடையால் வளர்ந்தது. சேரமான் தம் மலைநாட்டெல்லை கடந்து திருவாரூர்க்கு வந்தார். இருவரும் மறைக்காட்டை வணங்கிப் பாண்டிநாட்டுக்குட் புக்கனர். மதுரையில் பாண்டியனும், அவன் மகளை மணந்த சோழனும் எதிர்கொண்டனர். மூவேந்தரும் ஒருங்கு சூழச் சுந்தரர் திருப்பரங்குன்றத்தை வணங்கினார். நாட்டெல்லைகள் போர்க்களங்களாய் இருந்த பழந்தமிழகத்தில், மூன்று நாட்டு முடிமன்னரும் ஓர் அடியாரைப் பின்பற்றி ஒரே வழியில் நடந்தனர் என்பது சேக்கிழார் நம் கண்முன் நிறுத்தும் அருங்காட்சி.

அப்பயணத்தே இராமேச்சரத்தை வணங்கி மீளும் வழியிலேயே சுந்தரரும் சேரமானும் திருச்சுழியலுக்கு எழுந்தருளினர். அங்குத் தங்கிய இரவில், கையிற் செண்டும் முடியிற் சுழியமும் உடைய காளையாய் இறைவன் சுந்தரர் கனவில் தோன்றி, தான் இருப்பது கானப்பேர் என்று அருளினான். கானப்பேராவது இற்றைக் காளையார்கோயில். விழித்த சுந்தரர் வியந்து அத்தலத்தை நோக்கிப் புறப்பட்டார். திருச்சுழியலில் தங்கினாரை இறைவன் மேலும் நடக்க அனுப்பினன் என்பதனைக் கருத்திற் கொள்க.

வழியின் இடர்களும் அவர்கட்கு இல்லாமல் இல்லை. மலைநாடு சென்று சேரமானிடம் விடைபெற்று, அவர் அளித்த பெருநிதியைச் சுமப்பார் பலரோடு சுந்தரர் கொங்குநாட்டு வழியே மீண்டபொழுது, திருமுருகன்பூண்டியின் அருகே வேடர் உருக்கொண்ட பூதகணங்கள் அந்நிதி முழுதும் பறித்தன. கூட்டத்தார் சிதறி ஓடினர். சுந்தரர் கோயில் புகுந்து பாடிய பின்னரே பொருள் மீண்டது.

இறுதியிற் சுந்தரர் திருவஞ்சைக்களத்தினின்று வெள்ளையானைமேற் கயிலைக்குச் சென்றார். அதனை உணர்ந்த சேரமான் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓத, அஃது அவரைத் தாங்கி விசும்பிற் பாய்ந்தது. கயிலை வாயிலிற் சுந்தரர் உள்ளே அழைக்கப்பெற்றார். சேரமான் தடைப்பட்டு நின்றார். அவர்க்கு அழைப்பில்லை. தோழர் உட்சென்று, வாயிலில் நிற்பவர்க்காக விண்ணப்பித்த பின்னரே அவர்க்கு வழி திறந்தது. அழையாது வந்தது என்னை என இறைவன் நகைத்து வினவ, சுந்தரர் திருவடியைப் போற்றி உடன்வந்ததனையும், பொங்கிய அருள்வெள்ளமே தம்மைக் கொணர்ந்ததனையும் விடையாகக் கூறினார் சேரமான். தம் தகுதியைக் கூறினார் அல்லர். தோழமையையும் அருளையுமே கூறினார். அடியார் கூட்டத்தோடு செல்லுதலின் பயனை இதனினும் விளக்கமாகக் காட்டுதல் அரிது.

இவ்விருவரும் மீண்டிலரே எனின், சுந்தரர் கயிலையினின்று வந்தவரே ஆதலின், அவர்க்கு அங்குச் செல்லுதலே மீளுதலாயிற்று. எனினும் அவர்தம் பாடல்கள் மீண்டன. செல்லும் வழியிற் சுந்தரர் பாடிய திருநொடித்தான்மலைப் பதிகம் வருணன் வழியாகத் திருவஞ்சைக்களத்தை அடைந்தது. கயிலையில் சேரமான் அரங்கேற்றிய திருக்கயிலாய ஞானவுலாவைக் கேட்ட மாசாத்தனார், அதனைத் திருப்பிடவூரில் வெளிப்படுத்தினார். ஆகவே, கயிலை தன்னை நாடி வந்ததனைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வதில்லை; ஆளையேனும் பாட்டையேனும் தமிழ்நாட்டுத் தலங்களுக்கே திருப்பி அனுப்புகின்றது என்பது இவ்வரலாறுகளின் தொகுபொருள்.

சித்தாந்த முடிபு

இறைவன் எங்கும் நிறைந்தவன், ஓரிடத்தில் அடங்காதவன். அங்ஙனமாயின் ஒரு மலையை நாடிச் செல்லுதல் எற்றுக்கு எனின், கூறுவாம். பாலில் நெய் உளது, ஆயினும் தோன்றாது. தயிரில் அது விளங்கித் தோன்றும். அவ்வாறே எங்கும் மறைந்து நிற்கும் முதல்வன், அடியார் திருவேடத்தும் திருக்கோயிலினும் விளங்கி நிற்பன் என்பது மெய்கண்டார் மரபு. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய உயிர்க்கும் உரியனவாக இரண்டினை விதிக்கின்றது. அன்பரோடு கூடியிருத்தல் ஒன்று. திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனவே கண்டு தொழுதல் மற்றொன்று. தலயாத்திரை இவ்விரண்டனையும் ஒருங்கே தருதலின் சிறப்புடைத்து. கயிலைக் குழுவில் ஒருவர் தளர ஒருவர் தாங்கிச் செல்லுதலும் அன்பரோடு கூடுதலேயாம்.

எனினும், யாத்திரை சரியையின்பாற் படுவது. சரியை முதலிய மூன்றும் முறையே சாலோகம், சாமீபம், சாரூபம் என்னும் பதமுத்திகளை அளிக்கும். ஞானத்தால் எய்தும் சாயுச்சியமே பரமுத்தி. கால்கொண்டு நடந்து ஒரு மலையின் அடியை அடைதல் அதுவாகாது. அன்றியும், சரியையின் பயன் மலையின் தொலைவாலும் உயரத்தாலும் அளக்கப்படுவதன்று, அன்பினால் அளக்கப்படுவது. திருக்கோயிலை அலகிடுதல், மலர் தொடுத்தல், விளக்கிடுதல், அடியார்க்கு ஏவல் செய்தல் என்பனவே சிவஞான சித்தியார் சரியைக்கு எடுத்துக் கூறும் தொண்டுகள். இவற்றிற்கு வயதெல்லை இல்லை, கடவுச்சீட்டும் வேண்டா.

இதனாற் கயிலைக்குச் செல்லுதல் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. உடல்நலமும் வாய்ப்பும் உடையார் செல்லுக. ஆனால், மருத்துவர் தடுப்பின் சினவாது மீளுக. நோயை மறைத்து மேலேறுதல் பக்தியாகாது. தன் உயிரோடு உடன்வந்தார் பயணத்தையும் இடர்ப்படுத்துதலே ஆம். குஞ்சியில் நின்று மீள்வார், முனிவர் சொல்லையும் திருவையாற்றையும் ஒருசேர நினைத்தல் தகும். கயிலை கண்டு மீண்டாரும் தம்மை உயர்ந்தாராகக் கருதற்க. கண்டது உண்மையாயின், அது தம் ஊர்க் கோயிலிலும் தம் ஊர் உயிர்களிலும் சிவம் தோன்றுமாறு செய்யும். அவ்வாறு செய்யாதாயின் அவர் கண்டது கல்லும் பனியுமே.

முதிய அன்பர்க்கு யாம் கூறிய விடையும் இதுவே. அவர் நெடும்பொழுது வாளாவிருந்தார். பின்னர், சேர்த்து வைத்த பொருளை என் செய்வது என்றார். திருச்சுழியலினின்று சுந்தரர் சென்ற வழி இன்றும் உளது. காளையார்கோயிலும் அதற்கப்பால் திருப்புனவாயிலும் பேருந்தில் ஒருநாளில் அடையத்தக்கன. அவ்வழியே பத்து அடியாரை உடன்கொண்டு சென்று, ஆடியமாவாசைக்குத் திருவையாறு சேரலாம் என்றோம். அடியார் பதின்மர் போதாது, வண்டி நிரம்ப அழைக்கலாம் என்று கூறி அவர் எழுந்தார்.

திருச்சிற்றம்பலம்.